முதலில் வினையைத் தேடுங்கள்: ஆங்கில இலக்கணத்திலிருந்து இலக்கியத் தேர்வு வரை

ஆங்கில இலக்கியத் தேர்வுக்குத் தயாராகும் ஒருவரிடம் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' பற்றிக் கேளுங்கள். 1667இல் வந்தது, முதலில் 10 பாகம், 1674இல் 12 பாகமாகப் பிரித்தார்கள், ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியைப் பாடுகிறது என்று மூச்சுவிடாமல் சொல்வார். அதே காவியத்தின் முதல் வாக்கியத்தைக் காட்டி, இதில் வினைமுற்று எது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. அந்த வாக்கியம் 16 அடிகள் ஓடுகிறது. அதன் முதன்மை வினையான 'சிங்', ஆறாம் அடியின் முதல் சொல்லாகத்தான் வருகிறது. 'பாடு' என்று கலைத்தேவியை அழைக்கிறார் கவிஞர். எதைப் பாட வேண்டும் என்பதை அதற்கு முந்தைய ஐந்து அடிகளில் அடுக்கிவிடுகிறார். இது பிடிபடாதவருக்கு அந்த ஐந்து அடிகளும் வெறும் சொற்குவியல்தான்.

இலக்கணத்துக்கு ஒரு நோட்டு, இலக்கியத்துக்கு ஒரு நோட்டு என்று பிரித்துப் படிப்பதால் வருகிற குறை இது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் திறமை ஒன்றே: வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பது. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியத்துக்குள் வந்தவன் நான். எனக்குக் கைகொடுத்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் இரண்டு மாதங்களை இலக்கணத்துக்கும் எளிய உரைநடைக்கும் மட்டும் ஒதுக்குங்கள். அடித்தளம் நின்ற பிறகு இலக்கியம் வேகமாக வரும்.

எங்கே தொடங்குவது

பெயர்ச்சொல், வினைச்சொல், உரிச்சொல் என்று எட்டு வகைச் சொற்களின் இலக்கணத்தை மனப்பாடம் செய்வதில் தொடங்காதீர்கள். சொல்லின் வகையை அது வாக்கியத்தில் செய்யும் வேலைதான் தீர்மானிக்கிறது. 'வாட்டர்' பெயர்ச்சொல் என்று மனப்பாடம் செய்தவர், 'ஷீ வாட்டர்ஸ் தி பிளான்ட்ஸ்' என்ற வாக்கியத்தில் அது வினையாக நிற்பதைக் கண்டு திகைப்பார்.

தினமும் ஒரு பக்கம் எளிய ஆங்கில உரைநடையை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தியாக இருக்கலாம், சிறுவர் கதையாக இருக்கலாம். பத்து வாக்கியங்களில் வினையின் கீழ் மட்டும் கோடு போடுங்கள். பிறகு அந்த வினையைச் செய்வது யார், எது என்று கேட்டு எழுவாயின் கீழ் இரட்டைக் கோடு. மற்றது எதையும் முதல் வாரத்தில் தொடாதீர்கள். பார்க்கச் சிறுபிள்ளைப் பயிற்சி போலத் தெரியும். ஆனால் பின்னால் சொல்லப்போகும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

'பாடு' போன்ற ஏவல் வாக்கியங்கள் நீங்கலாக, எழுவாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது ஆங்கிலத்தின் விதி. தமிழில் 'படிக்கிறேன்' என்றாலே போதும், விகுதி ஆளைச் சொல்லிவிடும். ஆங்கில வினையில் அந்த விகுதிகள் ஏறக்குறைய எல்லாம் தேய்ந்துபோய்விட்டன. அதனால்தான் மழை பெய்வதைச் சொல்லக்கூட 'இட் ஈஸ் ரெய்னிங்' என்று பொருளில்லாத ஓர் 'இட்' தேவைப்படுகிறது. அதேபோல 'அவர் ஆசிரியர்' என்று வினையில்லாமல் தமிழில் முடிக்கலாம். ஆங்கிலத்தில் நடுவே 'ஈஸ்' வந்தே ஆக வேண்டும். தேய்ந்துபோன விகுதிகளில் மிஞ்சியது ஒன்றுதான்: 'ஹீ ரைட்ஸ்' என்பதில் வரும் அந்த 'ஸ்'. தேர்வுத் தாள்களில் மிக அதிகமாக விடுபடும் எழுத்தும் அதுவே. 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்று வந்தால் கண் 'பாய்ஸ்' மேல் விழும். எழுவாய் 'ஒன்' என்பதால் வினை 'ஈஸ்'தான், 'ஆர்' அல்ல.

தமிழைத் திருப்பிப் போட்டால் ஆங்கிலம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தமிழ் வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றைக் கண்ணாடியில் பார்த்த உருவம் போல மற்றது இருக்கும்.

'அம்மா கொடுத்த பணத்தில் நான் வாங்கிய புத்தகம்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். தமிழில் விளக்கங்கள் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து, கடைசியில் 'புத்தகம்' நிற்கிறது. நம் இலக்கணம் இதைப் பெயரெச்சம் என்கிறது. இப்போது பின்னாலிருந்து முன்னுக்கு வாருங்கள்: புத்தகம், நான் வாங்கிய, பணத்தில், அம்மா கொடுத்த. ஆங்கிலம் இதே வரிசையில்தான் போகிறது: 'தி புக் தட் ஐ பாட் வித் தி மணி மை மதர் கேவ் மீ'. பெயர் முன்னால், விளக்கம் பின்னால்.

வேற்றுமையும் அப்படியே. 'கத்தியால்' என்பதில் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. 'வித் எ நைஃப்' என்பதில் அதே வேலையைச் செய்யும் சொல் முன்னால் நிற்கிறது. வினைத்தொடரும் அப்படியே. 'எழுதிக்கொண்டிருந்தேன்' என்பதில் காலமும் ஆளும் கடைசித் துண்டான 'இருந்தேன்' என்பதில் இருக்கின்றன. 'ஐ வாஸ் ரைட்டிங்' என்பதில் காலம் முதல் துண்டான 'வாஸ்' மேல் இருக்கிறது. தொடரில் ஒரே ஒரு வினைதான் காலத்தைச் சுமக்கும், அது முதல் வினை. இது புரிந்துவிட்டால் 'டிட் யூ வென்ட்' என்று எழுதக் கை வராது. 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தை வாங்கிக்கொண்டது, மீதமிருப்பது வெறும் 'கோ'.

உரிச்சொற்கள் இந்தக் கண்ணாடிக்குள் வரமாட்டா. 'சிவப்புப் புத்தகம்', 'ரெட் புக்' இரண்டும் ஒரே வரிசை. அவற்றைத் தனியாக நினைவில் வையுங்கள்.

பயிற்சி இதுதான். நாளுக்கு ஐந்து நீளமான தமிழ்த் தொடர்களை எழுதி, பின்னாலிருந்து ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. மூன்று வாரத்தில் நீளமான வாக்கியம் என்ற பயம் போய்விடும். முன்னே சொன்ன எடுத்துக்காட்டில் 'மணி' என்ற சொல்லுக்கும் 'மை மதர்' என்பதற்கும் நடுவே ஒரு 'தட்' மறைந்திருப்பதையும் கவனியுங்கள். நடுவில் காற்புள்ளி இல்லாமல் இரண்டு பெயர்கள் உரசிக்கொண்டு நின்றால், அங்கே ஒரு 'தட்' ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். கவிஞர்கள் இப்படி நிறைய ஒளித்துவைப்பார்கள்.

தமிழ் இழுத்துச் செல்லும் சில பிழைகள்

எல்லாப் பிழையும் கவனக்குறைவால் வருவதில்லை. பல பிழைகள் தமிழின் பழக்கத்தை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோவதால் வருபவை. மூலம் தெரிந்தால் திருத்துவது எளிது.

'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று சொல்லிப் பழகியதால் 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்று எழுதுகிறோம். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே அந்தப் 'பற்றி' இருக்கிறது. 'என்டர்', 'ரீச்', 'மேரி' ஆகிய வினைகளும் அப்படித்தான், செயப்படுபொருளை நேராகப் பிடித்துக்கொள்ளும்.

'அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை' என்னும்போது தமிழில் கேள்வி கேள்வியாகவே உள்ளே நுழைகிறது. ஆங்கிலத்தில் கேள்வி வேறொரு வாக்கியத்துக்குள் போனதும் சாதாரண வரிசைக்குத் திரும்பிவிடும்: 'ஐ டோன்ட் நோ வேர் ஹீ ஈஸ்'. 'வேர் ஈஸ் ஹீ' என்று முடித்தால் தவறு.

'ஐ ஆம் நோயிங் ஹிம்' என்பதற்கு மட்டும் தமிழ் பொறுப்பல்ல. 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று நாமும் சொல்வதில்லை. நிலையைச் சொல்லும் வினைகளான 'நோ', 'பிலீவ்', 'பிலாங்' ஆகியவற்றுக்கு 'இங்' போடும் முன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், காதே காட்டிக்கொடுத்துவிடும்.

'ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பது இன்னொரு நிரந்தரப் பிழை. நேற்று, போன வருடம், 1947இல் என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹாவ்' வரக்கூடாது, 'ஐ சா ஹிம்' போதும். காலம் சொல்லாமல், இதற்கு முன் பார்த்த அனுபவம் உண்டு என்று மட்டும் சொல்லும்போது 'ஐ ஹாவ் சீன் ஹிம்'. நம் 'பார்த்திருக்கிறேன்' இதற்கு நெருக்கமானது.

'எ', 'ஆன்' இரண்டில் எது என்பதை எழுத்து தீர்மானிப்பதில்லை, ஒலி தீர்மானிக்கிறது. 'ஆன் அவர்', 'ஆன் ஆனஸ்ட் மேன்', ஆனால் 'எ யூனிவர்சிட்டி', 'எ யூரோப்பியன்'. 'தி' எங்கே வரும் என்பது நீண்ட கதை. கேட்பவருக்கும் எது என்று தெரிந்திருந்தால் 'தி', முதல்முறை அறிமுகப்படுத்தினால் 'எ' என்ற அளவில் தொடங்குங்கள், மீதியை வாசிப்பு சொல்லித் தரும். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' ஆகியவற்றுக்குப் பன்மை 'ஸ்' கிடையாது.

ஒரு சிறிய நோட்டு வைத்து, நீங்கள் செய்த பிழைகளை மட்டும் அதில் எழுதுங்கள். இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம், கீழே ஒரு வரியில் ஏன் தவறியது என்று. கடையில் வாங்கும் எந்த இலக்கண நூலைவிடவும் தேர்வு நெருங்கும்போது இந்த நோட்டு உதவும். அதில் உள்ளவை எல்லாம் உங்களுக்கு உண்மையாகவே வரக்கூடிய பிழைகள்.

இலக்கிய வரலாறு: குறைந்த ஆண்டுகள், உறுதியான காரணங்கள்

வரலாற்றை நூறு தேதிகளாகப் படிக்காதீர்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளை ஆணி போல அடித்துவிட்டு, மற்றவற்றை அவற்றில் மாட்டிவிடுங்கள்.

1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். ஆட்சியும் நீதிமன்றமும் பிரெஞ்சு மொழிக்குப் போயின, உழைக்கும் மக்களிடம் ஆங்கிலம் தங்கியது. ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொற்கள் இருப்பதற்கு இது பெரிய காரணம். மேயும்போது 'ஷீப்', உணவானதும் 'மட்டன்': மேய்த்தவர் சொல் ஒன்று, உண்டவர் சொல் ஒன்று. 'கிங்லி' பழைய ஆங்கிலம், 'ராயல்' பிரெஞ்சு வழி, 'ரீகல்' லத்தீன் வழி. தனித்தமிழ்ச் சொல்லும் வடசொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்தச் சொற்களின் தொனி வேறுபாடு எளிதில் பிடிபடும். 1066க்கு முன்னே நிற்பது 3182 அடிகள் கொண்ட பழைய ஆங்கிலக் காவியமான 'பியோவுல்ஃப்'. அந்தக் கவிதை அடிகளை இணைப்பது மோனை. ஈற்றொலி இயைபு ஆங்கிலச் செய்யுளின் பொது வழக்கானது அதற்குப் பின்புதான்.

1400இல் கவிஞர் சாசர் இறந்தார். 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவினார். அவர் அச்சிட்ட நூல்களில் சாசரின் 'தி கேன்டர்பரி டேல்ஸ்' ஒன்று. 1564இல் நாடகாசிரியர்களான மார்லோவும் ஷேக்ஸ்பியரும் பிறந்தார்கள். மார்லோ 1593இல் போய்விட்டார், ஷேக்ஸ்பியர் 1616 வரை வாழ்ந்தார். அவருடைய 36 நாடகங்களைத் தொகுத்த முதல் ஃபோலியோ என்ற பெரிய அளவு நூல் 1623இல், அவர் இறந்து ஏழாண்டு கழித்து வந்தது. 1642இல் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. 1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னராகத் திரும்பியதும் அவை திறந்தன; முடியாட்சியின் அந்த மீட்சியைத்தான் ரெஸ்டரேஷன் என்கிறார்கள். அதுவரை பெண் வேடத்தைச் சிறுவர்கள் ஏற்ற மேடையில், அதன் பிறகு பெண்களே நடிக்கத் தொடங்கினார்கள். 'மறுமலர்ச்சி நாடகம்', 'ரெஸ்டரேஷன் நாடகம்' என்று பாடத்தில் ஏன் தனித்தனியே பிரிக்கிறார்கள் என்பது இந்தப் பதினெட்டு ஆண்டு இடைவெளியைத் தெரிந்துகொண்டால் தானே விளங்கும்.

அடுத்த ஆணி 1798: வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட கவிதைத் தொகுப்பான 'லிரிக்கல் பேலட்ஸ்'. சாதாரண மனிதர்கள் உண்மையில் பேசும் மொழியில் கவிதை இருக்க வேண்டும் என்று வேர்ட்ஸ்வொர்த் வாதிட்ட முன்னுரை 1800 பதிப்பில் சேர்ந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1837 முதல் 1901 வரை விக்டோரியா காலம். 1922இல் டி.எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்', ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' இரண்டும் ஒரே ஆண்டில் வந்தன. இவ்வளவு ஆணிகள் போதும். கவிஞர் கீட்ஸ் எங்கே என்று கேட்டால், 1798க்குப் பின், 1837க்கு முன் என்று உடனே தெரிய வேண்டும். 1795இல் பிறந்து 1821இல், 25 வயதில் இறந்தவர் என்பதை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

கவிதையை வாசிக்கும் முறை

குறிப்புரை நூலை முதலில் திறக்காதீர்கள். முதலில் மூலம், பிறகு மறுபடியும் மூலம், அதன் பிறகே உரை. பிறர் சொன்ன கருத்தை முதலில் படித்துவிட்டால் உங்கள் கண் வேலை செய்யாது.

வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். பிறகு அடிகளை மறந்துவிட்டு வாக்கியங்களைத் தேடுங்கள். முற்றுப்புள்ளி எங்கே விழுகிறது, வினை எது, எழுவாய் எது. கவிதையில் ஆங்கிலமும் தன் வழக்கமான வரிசையை மாற்றிக்கொள்ளும். செய்யுளில் சிதறிக் கிடக்கும் சொற்களை எடுத்துச் சேர்த்துப் பொருள் காண்பதைத் தமிழ் இலக்கணம் கொண்டுகூட்டு என்று பெயர் வைத்தே சொல்லித் தந்திருக்கிறது. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் அது ஒன்று. மில்டனை நாம் படிக்க வேண்டிய முறையும் அதுதான். வினை கடைசியில் வரக் காத்திருப்பது தமிழ் படித்தவருக்குப் புதிதல்ல. 'சிங்' வரும்வரை அந்த ஐந்து அடிகளைக் கையில் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஷேக்ஸ்பியரில் 'தௌ', 'தீ', 'தை' என்று வருவதைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். 'தௌ' என்பது நீ, 'தீ' என்பது உன்னை அல்லது உனக்கு, 'தை' என்பது உன். ஒருவரிடம் பேசும்போது 'யூ' என்பது மரியாதை வடிவமாகவும் இருந்தது. நீ, நீங்கள் வேறுபாடு நம் நாக்கிலேயே இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் அது இல்லாததால், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் இதைத் தனியாகப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாடகத்தில் ஒருவர் திடீரென 'யூ'விலிருந்து 'தௌ'வுக்கு மாறினால் நின்று கவனியுங்கள்: நெருக்கம் கூடியிருக்கலாம், கோபம் வந்திருக்கலாம், இளக்காரமாகவும் இருக்கலாம். இதை விடையில் ஓர் எடுத்துக்காட்டோடு எழுதினால், நீங்கள் மூலத்தைப் படித்தவர் என்பது திருத்துபவருக்கு உடனே தெரியும்.

யாப்பில் ஒரு வேறுபாடு முக்கியம். தமிழ் அசை குறில் நெடிலை வைத்து அமைகிறது, ஆங்கிலச் சீர் அழுத்தத்தை வைத்து அமைகிறது. அயாம்பிக் பென்டாமீட்டர் என்பது பத்து அசைகள். மெதுவாக ஒன்று, அழுத்தி ஒன்று என்று ஐந்து முறை. 'ஷல் ஐ கம்பேர் தீ டு எ சம்மர்ஸ் டே' என்ற அடியை மேசையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். 'பேர்' என்ற இடத்திலும் 'டே' என்ற இடத்திலும் கை தானாக அழுந்தும். எந்த அசையில் அழுத்தம் என்று ஐயம் வந்தால் ஆங்கில அகராதியைப் பாருங்கள், அழுத்தக் குறி போட்டிருப்பார்கள்.

சானெட் என்பது 14 அடிக் கவிதை. பெட்ரார்க் வகையில் எட்டும் ஆறுமாகப் பிரியும். ஷேக்ஸ்பியர் வகையில் மூன்று நாலடிகள், கடைசியில் ஓர் ஈரடி. வடிவத்தைச் சொல்வதோடு நிறுத்தாமல் பேச்சு எங்கே திரும்புகிறது என்று தேடுங்கள். மேலே தட்டிப் பார்த்த அடியோடு தொடங்கும் ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட்டில் ஒன்பதாம் அடி 'பட்' என்று தொடங்குகிறது. எட்டு அடிகள் கோடையின் அழகும் எல்லா அழகும் தேய்ந்துபோவதைச் சொல்லிவிட்டு, அந்தச் சின்ன இடைச்சொல்லில் கவிதை திரும்பி, உன் கோடை மங்காது என்கிறது. 'பட்', 'யெட்', 'தென்', 'ஸோ' ஆகியவற்றை வட்டம் போடப் பழகுங்கள்.

பேசுவது யார் என்ற கேள்விக்குத் தமிழ் மாணவர் தயங்கவே தேவையில்லை. குறுந்தொகைப் பாடலின் கீழே 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று எழுதியிருப்பதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். பாடியவர் வேறு, பாட்டில் பேசுபவர் வேறு என்பது நமக்குப் பழைய செய்தி. ராபர்ட் பிரௌனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' 1842இல் வந்தது, 56 அடிகள். ஒரு கோமகன், தன் இறந்த மனைவியின் ஓவியத்தை ஒருவருக்குக் காட்டிப் பேசுகிறான். கேட்பவர் அடுத்த திருமணம் பேச வந்த தூதர் என்பது கடைசியில்தான் தெரிகிறது. மனைவி எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள் என்று குறை சொல்லிக்கொண்டே வருபவன், தான் ஆணையிட்டதாகவும் சிரிப்பெல்லாம் நின்றுபோனதாகவும் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறான். என்ன ஆணை என்று சொல்வதில்லை. அவன் சொல்லாமல் விட்ட இடத்தில் நாம் அவனைப் பார்த்துவிடுகிறோம். கூற்று, கேட்போர், குறிப்புப் பொருள் என்று அகப்பாட்டுக்குக் கேட்கும் அதே கேள்விகளை இங்கே கேளுங்கள். ஒரே பாத்திரம் பேசிக்கொண்டே தன்னைக் காட்டிக்கொடுக்கும் டிராமாட்டிக் மோனோலாக் என்ற பாடம் முடிந்தது.

நாடகம், நாவல், திறனாய்வு

நாடகத்தைக் காட்சி காட்சியாகப் படித்து, ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: மேடையில் யார் யார், காட்சி முடியும்போது என்ன மாறியது. நாவலுக்கு அத்தியாயத்துக்கு இரண்டு வரி. அதோடு கதையைச் சொல்வது யார் என்பதையும் குறியுங்கள். 1847இல் வந்த 'ஜேன் ஐர்' நாவலில் ஜேனே சொல்கிறாள். அதே ஆண்டின் 'வதரிங் ஹைட்ஸ்' நாவலில் லாக்வுட் சொல்ல, அவருக்குள் நெல்லி டீன் சொல்ல, கதைக்குள் கதையாக வருகிறது.

திறனாய்வில் அரிஸ்டாட்டிலை ஒழுங்காகப் படித்தால் பாதி வழி வந்துவிடுவீர்கள். துன்பியல் நாடகத்துக்கு அவர் சொல்லும் ஆறு உறுப்புகள், அவற்றில் கதைப்பின்னலுக்கு முதலிடம், இரக்கமும் அச்சமும் எழுந்து நிகழும் கதார்சிஸ். தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையும் அச்சமும் உண்டு என்று ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடுங்கள், ஆனால் இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள். மெய்ப்பாடு உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைப் பேசுகிறது, கதார்சிஸ் அந்த உணர்ச்சிகள் பார்வையாளருக்குள் என்ன ஆகின்றன என்பதைப் பேசுகிறது.

தேர்வு: கொள்குறி வினா

இங்கே தோற்பது பெரும்பாலும் தெரியாததால் அல்ல, ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதால். எனவே குழப்பும் பெயர்களைச் சேர்த்துவைத்துப் படியுங்கள். நாடகாசிரியர் பென் ஜான்சன், 1755இல் அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் இருவரும் வேறு. ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஓர் எழுத்து வேறு. ஜார்ஜ் எலியட் 19ஆம் நூற்றாண்டின் பெண் நாவலாசிரியர், டி.எஸ். எலியட் 20ஆம் நூற்றாண்டுக் கவிஞர். சாமுவேல் பட்லர் என்ற பெயரில் இருவர் உண்டு: ஒருவர் 17ஆம் நூற்றாண்டின் 'ஹூடிப்ராஸ்' எழுதியவர், மற்றவர் 1872இல் 'எர்வோன்' எழுதியவர்.

இரங்கற்பாக்களை ஒரு குடும்பமாகப் படியுங்கள். மில்டனின் 'லிசிடஸ்' எட்வர்ட் கிங்குக்கு, ஷெல்லியின் 'அடோனேயஸ்' கீட்ஸுக்கு, டென்னிசனின் 'இன் மெமோரியம்' ஆர்தர் ஹாலமுக்கு, ஆர்னல்டின் 'திர்சிஸ்' ஆர்தர் கிளஃப்புக்கு. போப்பின் 'தி ரேப் ஆஃப் தி லாக்' 1712இல் இரண்டு காண்டம், 1714இல் ஐந்து. இப்படி ஒரு நூல் உருமாறிய விவரங்களை வினா எடுப்பவர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

தேர்வு: கட்டுரை விடை

ஹாம்லெட் ஏன் தாமதிக்கிறான் என்பது வினா என்றால், ஷேக்ஸ்பியர் 1564இல் பிறந்தார் என்று தொடங்காதீர்கள். முதல் வாக்கியத்திலேயே விடையைச் சொல்லுங்கள், பிறகு மூலத்திலிருந்து நிறுவுங்கள். மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில், ஹாம்லெட்டின் தந்தையைக் கொன்ற கிளாடியஸ் மண்டியிட்டுப் பிரார்த்திக்கிறான், ஹாம்லெட் கையில் வாள் இருக்கிறது. இப்போது கொன்றால் இவன் ஆன்மா சொர்க்கம் போய்விடும் என்று யோசித்து விலகுகிறான். அடுத்த காட்சியிலேயே திரைக்குப் பின்னால் யார் என்றுகூடப் பார்க்காமல் குத்துகிறான், ஒளிந்திருந்த அமைச்சர் பொலோனியஸ் சாகிறார். அடுத்தடுத்த இரண்டு காட்சிகள். யோசித்த இடத்தில் கை நிற்கிறது, யோசிக்காத இடத்தில் கை ஓடுகிறது. இந்த இரண்டை மட்டும் வைத்தே, அவன் கோழை என்ற வாதத்தை மறுத்து மூன்று பத்தி எழுதலாம். பத்து விமரிசகர் பெயர்களை அடுக்குவதைவிட இது வலுவானது.

கதையில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுவது ஆங்கில விடைகளின் வழக்கம்: 'ஹாம்லெட் டிலேய்ஸ்'. ஆசிரியரின் வாழ்க்கை, வெளியான ஆண்டு ஆகியவை இறந்தகாலத்தில். இரண்டையும் ஒரே பத்தியில் குழப்புவதுதான் அதிகம் நடக்கிறது. மேற்கோள் சரியாக நினைவில்லை என்றால் மேற்கோள் குறி போடாமல் உங்கள் சொற்களில் சொல்லுங்கள்.

முன்பின் பார்க்காத கவிதையைக் கொடுத்தால் உடனே உவமை, உருவகம் தேடி ஓடாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் பேனாவை வினைகளின் கீழ் மட்டும் ஓடவிடுங்கள். பிறகு யார் யாரிடம் பேசுகிறார்கள், பேச்சு எங்கே திரும்புகிறது. அணிகளை அதன் பிறகு எடுத்து, அந்தத் திருப்பத்துக்கு அவை என்ன செய்கின்றன என்று எழுதுங்கள். அணியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகும் விடை பாதியில் நிற்கிறது.

கடைசிப் பத்து நிமிடத்தை எழுதுவதற்குச் செலவிடாதீர்கள். தாளை முதலிலிருந்து புரட்டி, கருத்தைப் படிக்காமல் வினைகளை மட்டும் பாருங்கள்: 'ஹீ', 'ஷீ', 'தி போயட்' என்பவற்றின் பின்னே அந்த 'ஸ்' விழுந்திருக்கிறதா, 'டிட்' வந்த இடத்தில் பக்கத்து வினை வெறுமையாக இருக்கிறதா, நிகழ்காலத்தில் தொடங்கிய பத்தி நிகழ்காலத்திலேயே முடிந்திருக்கிறதா. பிழை நோட்டில் நீங்கள் அதிகம் எழுதிய மூன்று பிழைகளை நினைவில் வைத்துக்கொண்டு இந்தச் சுற்றுக்குப் போங்கள்.